சுவருக்கு வெளியே ஒரு குழாய்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் ஜாடிக்குள் கைவிட்டுக் கடைசி மாவடுவைத் துரத்திக்கொண்டிருந்தபோது நீ போன் செய்தாய். "அப்பா, சனிக்கிழமை எங்க கம்பெனி நடத்தற கூட்டத்துக்கு நீங்க வராதீங்க, ப்ளீஸ். வந்தா மைக்கப் பிடிப்பீங்க, பிடிச்சா ஜோக்கடிப்பீங்க. எங்க எம்.டி. முன் வரிசையில உக்காந்திருப்பார்" என்றாய். நான் "சரிடா" என்றேன். எனக்கு மிகவும் பழகிய சொல் அது. சரிடா, சரி சார், சரிங்க மாமா என்று சொல்லிச் சொல்லியே ஐம்பத்தாறு வயதை எட்டிவிட்டேன். கல்யாணத்தன்று மந்திரம் சொல்லச் சொன்னபோதுகூட வாத்தியாரிடம் சரி என்று சொன்னதாக உன் அம்மா இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தச் "சரிடா"வை இப்போது வாபஸ் வாங்குகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் அடையாறுக்குக் குடிபோனதிலிருந்து, நான் பேச ஆரம்பித்த இரண்டாவது வாக்கியத்தில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். உனக்கு மட்டும் இல்லை. இதன் ஒரு பிரதியைச் சனிக்கிழமை காலையில் நம் ஃபிளாட்டின் லிஃப்ட் பக்கத்தில் இருக்கும் பலகையில் ஒட்டப்போகிறேன். வாட்ஸப் குழுவில் உன் அம்மா போடுவாள், ஏனென்றால் என்னை அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமையே தூக்கிவிட்டார்கள். அந்தக் கதைக்கு வருகிறேன்.

முதலில் உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன். தெரிந்ததைத் தெரியாத மாதிரி எழுதக் கற்றுக்கொண்டு விட்டாய் அல்லவா, ஒருமுறை திரும்பக் கேள். கோடம்பாக்கத்துக்கும் தி. நகருக்கும் நடுவில், இரண்டு பக்கத்துக்காரர்களும் சொந்தம் கொண்டாடாத நம் தெருவின் கோடியில், அந்த ஃபிலிம் லேப் இருந்தது. படச்சுருள் கழுவுகிற இடம் என்பதால் தெருவுக்கே கொஞ்சம் சினிமாப் பொலிவு. யாரோ ஒரு கதாநாயகியின் கார் கண்ணாடி இறங்கியதை ஜானகி மாமி பார்த்தாள் என்பதைப் பத்து வருஷம் பேசினோம். சுருளைத் துடைக்க ஏதோ ஒரு திரவம் வைத்திருந்தார்கள், இனிப்பாக ஒரு வாசனை வரும். துடைத்து முடித்த திரவத்தைப் பின்பக்கக் குழியில் ஊற்றினார்கள் என்பது காவலாளி முதல் காய்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். டிஜிட்டல் வந்தது, லேப் மூடியது, கதவில் பூட்டு துருப்பிடித்தது. ஆனால் ஊற்றியது ஊற்றியதுதானே. அது கீழே இறங்கி, மெதுவாக நம் போர்வெல்லைத் தேடி நடந்து வந்தது. தண்ணீரில் லேசாக வாசனை அடித்தபோது நாம் என்ன செய்தோம்? பெருமைப்பட்டோம்! "நம்ம பில்டிங் தண்ணியில பன்னீர் வாசனை வரது, கவனிச்சேளா?" என்று ஜானகி மாமி தன் அக்காவைத் திருவல்லிக்கேணியிலிருந்து வரவழைத்துத் தலைக்குக் குளிக்க வைத்தாள். நானும் என் பங்குக்கு, "மாமி, அடுத்த வருஷம் சந்தன வாசனைக்கு ஏற்பாடு பண்றேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் நம் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், சிரிக்க வைப்பதைத் தவிர அந்தப் பதவியில் நான் வேறு எதையும் செய்ததில்லை.

நீ அப்போது காலேஜில் மூன்றாம் வருஷம். ப்ராஜெக்டுக்காகத் தண்ணீர் பிடித்தாய். பிளாஸ்டிக் பாட்டில் கூடாது, கண்ணாடிதான் வேண்டும், ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக் கூடாது என்று மொட்டைமாடிக் குழாயடியில் அரைமணி நேரம் குந்தி உட்கார்ந்திருந்தாய். உன் அம்மா, "இவன் காபி குடிச்ச டம்ளரை ஒரு நாள் இவ்வளவு அக்கறையா கழுவியிருப்பானா?" என்றாள். மூன்று வாரம் கழித்து ஒரு காகிதத்தோடு ஓடிவந்தாய். செருப்பைக் கழற்றவில்லை. "அப்பா, அந்த லேப் திரவம்பா. இருக்க வேண்டிய அளவவிட ரொம்ப ரொம்ப அதிகம். யாரும் குடிக்கக் கூடாது" என்றாய். கொதிக்க வைத்தால் போய்விடாதா என்று கேட்டேன். "தண்ணியவிட்டுப் போய் சமையல் ரூம் காத்துல சுத்தும்பா, அதை மூச்சு விடுவீங்க" என்றாய். செருப்போடு நீ ஓடிவந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த ஓட்டம்தான் உன்னிடம் நான் பார்த்த மிகச் சிறந்த விஷயம். அதை நிறுத்தியவன் நான்தான். "யார்கிட்டயும் சொல்லாதே, முதல்ல சங்கத்துல பேசிடறேன்" என்று காகிதத்தை நாலாக மடித்து, பஞ்சாங்கத்துக்குள் வைத்தேன்.

சங்கம் மொட்டைமாடியில் கூடியது. பொருளாளர் வெங்கட்ராமன் மாமா முதல் வாக்கியத்திலேயே ஃபிளாட் விலைக்குப் போய்விட்டார். "வெளில தெரிஞ்சா ஒருத்தன் வாங்க வரமாட்டான் ஓய். சும்மா கெடக்கற சங்கை ஊதிக் கெடுக்காதேயும்." ஒரு மணி நேரம் பேசி ஒரு முடிவு எடுத்தோம். இனி நாம் லாரித் தண்ணீர் வாங்கிச் சம்ப்புத் தொட்டியில் நிரப்பிக்கொள்வது. குடிக்க எப்போதும்போல் கேன். போர்த் தண்ணீர் கக்கூசுக்கும் செடிக்கும். அப்போது மூன்றாவது மாடி டீச்சர், பாவம், ஒரு கேள்வி கேட்டார்: "காம்பவுண்டு சுவருக்கு வெளியில ஒரு குழாய் இருக்கே, அது?"

அந்தக் குழாய் ஞாபகம் இருக்கிறதா? ஒரு பஞ்சகாலக் கோடையில், பின் சந்து லைன் வீட்டுக்காரர்களுக்காகப் புண்ணியம் என்று நாமே வைத்துக் கொடுத்தது. போர்வெல்லிலிருந்து நேர்க் குழாய். திறப்பு விழாவுக்குச் சர்க்கரைப்பொங்கல் போட்டோம், மாமா அதற்கு மாலை போட்டார். குழாய்க்கு மாலை போட்ட ஒரே சங்கம் நம்முடையதாகத்தான் இருக்கும். டீச்சர் கேட்டதும் எல்லோரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மாமா சொன்னார்: "மூடினா ஏன்னு கேப்பா. ஏன்னு கேட்டா சொல்லணும். அது பாட்டுக்கு இருந்துண்டு போறது." என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், "சரிங்க மாமா." நடவடிக்கைக் குறிப்பேட்டில் என் கையெழுத்தில்தான் இருக்கிறது: "தண்ணீரின் தரம் பற்றி விவாதிக்கப்பட்டது. காபி வழங்கப்பட்டது." இதை எழுதிவிட்டு நானே ரசித்துச் சிரித்தேன். நகைச்சுவை உணர்வு இருக்கிறதாம் எனக்கு.

நாம் விஷம் என்று தெரிந்து குடிக்காத தண்ணீரைத்தான் ஆறு கோடைக்காலம் சுவருக்கு வெளியே ஊற்றினோம். இதை இப்படி எழுதிப் பார்த்தால்தான் தெரிகிறது. பேசும்போதெல்லாம் அது "இருந்துண்டு போறது" மாதிரிதான் தெரிந்தது.

செல்வியை உனக்குத் தெரியும். சந்து முனையில் தள்ளுவண்டியில் சாயங்கால டிபன் கடை. ப்ளஸ் டூ பரீட்சை சமயத்தில் அவள் ஆப்பத்தில்தான் நீ உயிர் வாழ்ந்தாய். அவள் புருஷன் அந்த லேபில் கழுவுகிற பிரிவில் தினக்கூலியாக இருந்தவன். மாவு அரைக்க, சட்னிக்கு, சாப்பிடுகிறவர்களுக்கு வைக்கும் சொம்புக்கு, வீட்டுக்கு, எல்லாவற்றுக்கும் அந்தக் குழாய்தான். நம் வாசலில் லாரி வந்து நிற்க ஆரம்பித்த மாதமே அவள் என்னை மறித்தாள். "இன்னா சார் மேட்டரு? நீங்கல்லாம் லாரித் தண்ணி வாங்கிகினு கீறீங்க, எங்களுக்கு மட்டும் பைப்பு ஊத்திகினே கீது?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எங்க ஆளுங்களுக்குக் காசு கொடுத்து வாங்கினாத்தான் தண்ணி இறங்கும் செல்வி" என்றேன். அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். "நீ ஒரு ஆளு சார்! நல்லாரு" என்று என் பொட்டலத்தில் ஒரு ஆப்பம் கூடப் போட்டாள். வாங்கிக்கொண்டு வந்தேன். தின்றேன்.

இதற்கு மேலும் இருக்கிறது. போன சித்திரையில் போர் மோட்டார் எரிந்துபோனது. குழாய் நின்றது. நன்றாகக் கேட்டுக்கொள், தானாகவே நின்றது. கடவுள் இறங்கி வந்து, "அடேய், உனக்குத் தைரியம் கிடையாது, நானே நிறுத்தித் தருகிறேன்" என்று செய்து கொடுத்த காரியம். செல்வியும் இன்னும் நாலு பேரும் காலிக் குடத்தோடு வந்து வாசலில் நின்றார்கள். "சார், கொஞ்சம் மனசு வெச்சு ரிப்பேரு பண்ணிக் குடு சார்." அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். நான் போனை எடுத்தேன். மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவன் நாளைக்கு வருகிறேன் என்றதும், "இல்லப்பா, பாவம், ஜனங்க தண்ணிக்குத் தவிக்கறாங்க" என்று அவசரப்படுத்தி அன்று சாயங்காலமே குழாயை ஓட வைத்தேன். கைதட்டினார்கள். உன் அம்மா மட்டும் தட்டவில்லை. அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "உங்களுக்குக் கெட்ட பேர் வாங்கத் தெரியாது. அதுக்காக என்ன வேணா செய்வேள்" என்றாள். முப்பது வருஷத்தில் என்னைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு லேப் நிலத்தைக் கட்டடக்காரர் வாங்கினார். மேலே மாடிகள் வேண்டுமென்றால் கீழே மண்ணையும் நீரையும் என்ன செய்யப்போகிறார் என்று சொல்ல வேண்டும், பொதுமக்களையும் கேட்க வேண்டும். அதற்கான அறிக்கை எழுதும் வேலை உன் கம்பெனிக்கு வந்தது, உன் கைக்கும் வந்தது. உறவுக்காரர்கள் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்: "நம்ம பையன்தான் நம்ம தெருவையே சுத்தம் பண்ணப்போறான்." ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட வந்தபோது ஒரு படிவம் கொண்டுவந்தாய். "குடியிருப்போர் கருத்து"க்கு, சங்கத்தின் சார்பில். உன் அம்மா மோர்க்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். "இங்க ஒரு கையெழுத்துப்பா" என்றாய். என் வலது கையில் சோறு, அதனால் இடது கையால் போட்டேன். கோழி கிண்டியது போல் இருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: இந்தப் பகுதியில் நிலத்தடி நீரைக் குடிப்பவர்கள் உண்டா? "இல்லை" என்ற கட்டத்தில் நீயே டிக் போட்டுக் கொண்டுவந்திருந்தாய். நான் பார்த்தேன். நான் பார்த்ததை நீ பார்த்தாய். "அப்பளம் வேணுமாடா?" என்று கேட்டேன். இதுதான் நம் இரண்டு பேருக்கும் நடந்த பொதுமக்கள் கலந்தாய்வு.

போன சனிக்கிழமை அந்த அறிக்கையைப் பார்க்கப் போனேன். பொதுமக்கள் பார்வைக்கு என்று லேப் வாசல் தகரக் கொட்டகையில் ஒரே ஒரு பிரதி, மேஜைக் காலோடு கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள், திருவிழாவில் தண்ணீர்ப்பானையோடு டம்ளரைக் கட்டுவது மாதிரி. முழுக்க ஆங்கிலம், தலையணை கனம். நான் படிக்கப் போகவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். முதல் பக்கத்தில் உன் பெயர் அச்சில் இருப்பதைப் படமெடுத்து உன் அத்தைக்கு அனுப்பி, அவள் பையன் பெருமையை அடக்கி வைக்கப் போனேன். படமெடுத்தேன், அனுப்பினேன், பிறகு காவலாளி முறைத்ததால் படிப்பது மாதிரி நாலு பக்கம் புரட்டினேன். அங்கே இருந்தது. சுற்றுவட்டாரத்தில் எவரும் நிலத்தடி நீரைக் குடிநீராகப் பயன்படுத்துவதில்லை. ஆகவே நீரை வெளியே எடுத்துச் சுத்திகரிக்கத் தேவையில்லை. மேலே கான்கிரீட் மூடி போட்டால் போதுமானது. ஆதாரம்: குடியிருப்போர் சங்கச் செயலாளரின் கையெழுத்து. பின்னிணைப்பில் என் இடது கைக் கிறுக்கல், கலரில்.

டேய், அந்தக் குழாயில் நீ பல் தேய்த்திருக்கிறாய். கிரிக்கெட் ஆடிவிட்டு வந்து வாயை வைத்துக் குடித்திருக்கிறாய். "எவரும்" என்று எழுதும்போது உன் விரல் நிற்கவில்லையா? லைன் வீடுகள் உன் வரைபடத்தில் இருக்கின்றன, பார்த்தேன், சாம்பல் நிறத்தில் குட்டிக் குட்டிக் கட்டங்களாக. கட்டத்துக்குள் ஆள் இருப்பது உனக்குத் தெரியும். பாதிப் பேரின் பெயரே தெரியும். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கயிற்றை அறுத்து அறிக்கையைத் தெருவில் வீசியிருப்பேன். பிறகு யோசித்தேன், "எவரும்" என்பதை நீ எங்கே கற்றாய்? பஞ்சாங்கத்துக்குள் மடித்து வைத்த காகிதத்திலிருந்துதானே. குரு நான். கோபம் வந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டியதும் நான். ஆனால் உனக்கும் இருபத்தேழு வயதாகிறது. இதற்கு மேலும் முழுப் பழியையும் எனக்கே விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செல்வியிடம் போனேன். தைரியசாலி என்று நினைக்காதே, முதலில் இரண்டு ஆப்பம் சொல்லிச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன். லாரி, காகிதம், மொட்டைமாடி, மோட்டார், எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், இல்லை சாபம் விடுவாள் என்று தயாராக இருந்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். சொம்பை எடுத்து அதில் இருந்த தண்ணீரைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

"தெனம் எத்தினி பேரு இங்க துன்றான் தெரியுமா சார் ஒனக்கு? ஆட்டோக்காரன், இஸ்கோல் புள்ளைங்க, கட்டட வேல செய்றவன். அல்லாருக்கும் என் கையாலதானே ஊத்திக் குடுத்தேன். நீ என்னிய ஏமாத்துனது கூட சர்தான் சார், போவட்டும். என்னிய வெச்சு அவங்களையும் ஏமாத்திட்டியே, பாரு."

நான் ஆப்பத் தட்டைக் கீழே வைத்தேன். "மோட்டாரு ரிப்பேரு பண்ணப்போ நான்தான் சார் கை தட்டுனேன்" என்றாள். பிறகு, "சர்தான், வுடு. நாளைக்குத் தண்ணிக்கு இன்னா வழி? அத்த சொல்லு மொதல்ல" என்றாள். இது உன் அறிக்கையில் இல்லாத கேள்வி. உன் தலையணை முழுவதும் தேடு, கிடைக்காது.

அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டு வெளிக்குழாயைப் போரிலிருந்து பிரித்து நம் சம்ப்போடு சேர்த்தேன். லாரித் தண்ணீர் சுவருக்கு வெளியே ஓடியது. வெங்கட்ராமன் மாமா பனியனோடு இறங்கி வந்தார். "யாரைக் கேட்டுண்டு பண்ணினீர்?" "யாரையும் கேக்கல மாமா. விவாதிச்சாச்சு, நீங்க போய்க் காபி சாப்பிடுங்கோ" என்றேன். பத்து நிமிஷத்தில் அவசரக் கூட்டம் போட்டு என்னைப் பதவியிலிருந்தும் குழுவிலிருந்தும் நீக்கினார்கள். அந்தச் சங்கம் பிறந்ததிலிருந்து எடுத்த அதிவேக முடிவு அதுதான். டீச்சர் மட்டும் எதிர்த்துக் கையைத் தூக்கினாராம். உனக்கு அன்றிரவே தகவல் சொன்னது மாமாதான் என்று தெரியும். செவ்வாய்க்கிழமை நீ போன் செய்ததற்கு வேறு காரணம் இல்லை. உன் எம்.டி.க்கு ஜோக் பிடிக்காது என்பதெல்லாம் சும்மா.

சனிக்கிழமை வருகிறேன். தி. நகர் கல்யாண மண்டபத்தில் குளிர்சாதன ஹாலில் பொதுமக்களை உட்கார வைத்து, ஆங்கிலத்தில் படம் காட்டி, வாசலில் ரோஸ் மில்க் கொடுத்து, வருகைப் பதிவேட்டில் வாங்குகிற கையெழுத்தை எல்லாம் சம்மதக் கையெழுத்தாக்குவது எப்படி என்று எனக்குத் தெரியும். அந்தக் கலையில் நான் உனக்கு மூத்தவன். அதனால் லைன் வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டேன்: ரோஸ் மில்க்கைக் குடியுங்கள், எங்கேயும் கையெழுத்துப் போடாதீர்கள். பேச விரும்புவோர் முன்னதாக மனு கொடுக்க வேண்டும் என்று உங்கள் அறிவிப்பில் பொடி எழுத்தில் இருந்தது. கொடுத்துவிட்டோம், தமிழில், ரசீதோடு. முதலில் பேசுவது செல்வி. தண்ணீரை வெளியே எடுத்துச் சுத்தம் செய், எத்தனை வருஷம் ஆனாலும் செய். ஒவ்வொரு மாதமும் எங்கள் குழாயிலும் பிடித்துப் பார், பார்த்ததைத் தமிழில் சந்து முனையில் ஒட்டு. அதுவரை எங்களுக்கு நல்ல தண்ணீர் கொடு. இத்தனை நாள் குடித்தவர்களை டாக்டரிடம் காட்டு. இவ்வளவுதான் அவள் கேட்கப்போவது. குடித்ததால் யாருக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். யாருமே பார்க்கவில்லை என்பதுதான் என்னை எரிக்கிறது. இரண்டாவதாகப் பேசுவது நான். அந்தப் படிவத்தில் நான் ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போட்டேன் என்பேன். அது ஒரு நிமிஷ வேலை.

ஆனால் ஒன்றை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். மனு எழுதும்போது செல்வி கேட்டாள், "யாருமே குடிக்கலன்னு எழுதுனது யாரு சார்? அந்த ஆளு இங்க வந்து பாத்தானா?" நான், "ஏதோ ஒரு கம்பெனி" என்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தவன், அடுத்த கேள்விக்கே மறுபடி பொய் சொன்னேன். இந்த முறை ஃபிளாட் விலைக்காக இல்லை, உனக்காக. பிள்ளைப்பாசம் என்று இதற்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள், அதே தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் என்பதால் அந்தப் பெயர் என் வாயில் வரவில்லை.

நாளை வெள்ளிக்கிழமை. ஆறு மணிக்கு அவள் கடை போடுவாள். கம்பெனிச் சட்டையைக் கழற்றாமல், அடையாறிலிருந்து நேராக வா. நான் கூட வர மாட்டேன், மாடியிலிருந்து எட்டிப் பார்க்கவும் மாட்டேன். "எழுதினது நான்தான் அக்கா" என்று நீயே சொல். அந்த வரியை அறிக்கையிலிருந்து எடுக்கப்போகிறாயா இல்லையா என்பதையும் அவளிடமே சொல், என்னிடம் வேண்டாம். வேலை போகுமா என்று கேட்பாய். போகலாம். அதற்கு என்னிடம் ஆறுதல் இல்லை. அவள் திட்டுவாள். கூட்டமாக இருக்கிற நேரம், நாலு பேர் எதிரில் திட்டுவாள். பதில் சொல்லாதே, முக்கியமாகச் சிரிக்க வைக்காதே, அது நம் குடும்ப வியாதி. திட்டி முடிக்கும் வரை நில்.

நீ வரவில்லை என்றால், சனிக்கிழமை மைக்கில் அவளுக்கு நான் பதில் சொல்லுவேன். உன் பெயரை இனிஷியலோடு சொல்லுவேன், அது என் பெயரின் முதல் எழுத்துதான்.

அப்பா